பெயர் துடைத்த தங்க வாட்ச்

நீ வரதட்சணை கேட்டிருக்கிறாய், கண்ணு.

"நான் எங்கம்மா கேட்டேன்? மாமாவே கேட்டாரு, ஒரு லிங்க் அனுப்பினேன், அவ்ளோதான்" என்று நீ பெங்களூரில் உட்கார்ந்து தலையை ஆட்டுவது எனக்கு இங்கே கோயமுத்தூரில் தெரிகிறது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நீ சொன்னால் கூரான இடங்களையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கித்தான் சொல்வாய். நிச்சயம் முடிந்த பிறகு உன் வருங்கால மாமனார் அன்னூரிலிருந்து உனக்குப் போன் செய்து, "மாப்பிள்ளைக்கு எந்த மாதிரி வாட்சுங்க புடிக்கும்?" என்று கேட்டார். நம்மூரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. "அதெல்லாம் எதுக்குங்க மாமா" என்று சொல்ல வேண்டும். அவர் மறுபடி கேட்பார். நீ மறுபடி அதையே சொல்ல வேண்டும். கடைசியில் அவர் தன் கைக்கு எட்டியதை வாங்கி வருவார், நீ கட்டிக்கொண்டு போட்டோவுக்குப் பல்லைக் காட்டுவாய். அந்த வழக்கமே எனக்குப் பிடிக்காது. ஆனால் நீ அந்த நாடகத்தைக்கூட ஆடவில்லை. ஒரு ஸ்விஸ் வாட்சின் லிங்க்கை அனுப்பி, கீழே ஒரு சிரிப்புப் பொம்மையையும் போட்டாய். உரக்கடை நடத்தும் அந்த மனிதர் போனைத் தன் மகளிடம் நீட்டி, "ஏன் அம்மணி, இது வெலையா, போன் நெம்பரா?" என்று கேட்டாராம்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஊர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். பெண் வீட்டாரிடம் அனுமதி கேட்டேன். "தாராளமாப் போடுங்க, எங்கூட்டுக்காரரை மட்டும் கொஞ்சம் செவப்பா எழுதுங்க" என்று பெண்ணின் அம்மா சிரித்தார். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. நீ லிங்க் அனுப்பும் முன் என்னிடம் கேட்டாயா?

நம்ம பக்கத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை என்பது எல்லோருக்கும் பெருமை. வடக்கே அப்படிக் கேட்கிறார்கள், தெற்கே இப்படிக் கேட்கிறார்கள் என்று பேசுவோம். நாம் கேட்க மாட்டோம். "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுங்க, நாங்க என்னத்தைச் சொல்றது" என்போம். "மாமன் மகனுக்குக் கார் போட்டாங்களாமுங்க" என்று காபியை ஆற்றிக்கொண்டே சொல்வோம். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு 'ங்க' போட்டு, எதிரில் இருப்பவரின் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்போம். அரிவாளைக் காட்டிக் கேட்பவனையாவது போலீசில் பிடித்துக் கொடுக்கலாம். இத்தனை மரியாதையாகக் கேட்பவனை என்ன செய்வது? காபி கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளர். அடகுக்கு வரும் தங்கத்தை உரைகல்லில் தேய்த்து, ஆசிட் விட்டு, எடை போட்டு, கல், அரக்கு, அழுக்கு எல்லாவற்றையும் கழித்து, இது இத்தனை பெறும் என்று எழுதிக் கொடுப்பவள். இந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஊரே தெரியும். கல்யாண மாதம் முடிந்து மழைக்காலம் வருவதற்குள் புதுப்பெண்களின் வளையல்கள் வரிசையாக வந்துவிடும். பெண் கழற்றித் தருவாள், மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். மாப்பிள்ளைகளின் செயினும் மோதிரமும் என் மேசைக்கு வந்து நான் பார்த்தது அபூர்வம். அவை எங்கேயோ பத்திரமாக இருக்கின்றன. கொடுத்தவர்களின் தங்கம் அடகுக்கு வரும், வாங்கினவர்களின் தங்கம் வராது. இவ்வளவு காலமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் மகன் அந்த வாங்குகிறவர்கள் வரிசையில் வந்து நிற்பான் என்று நினைக்கவில்லை.

போன திங்கட்கிழமை நல்ல கூட்டம். டோக்கனை வாங்கி, நிமிர்ந்து பார்த்தால் எதிரே நிவேதா. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண். எல்லோரையும் போல டோக்கன் எடுத்து, எல்லோரையும் போல வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் பதறிப்போய் எழுந்தேன்.

"ஏன் கண்ணு, இங்க எதுக்கு உக்காந்துட்டிருக்கே? ஊட்டுக்கு வரலாமில்ல?"

"ஊட்டுக்கு வந்தா நீங்க அத்தைங்க. இங்க வந்தாத்தான் நகை ஆபீசருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சின்ன வெல்வெட் பையை மேசையில் வைத்தாள். "அடகுக்கு இல்லீங்க. விக்கறதுக்கு. எவ்வளவு பெறும்னு மட்டும் சொல்லுங்க."

உள்ளே ஒரு ஆண்கள் வாட்ச் இருந்தது. சாவி கொடுக்கிற பழைய ரகம். கேஸ் மஞ்சளாக, மினுமினுப்பில்லாமல், நல்ல தங்கத்துக்கே உரிய அந்த அடக்கமான மஞ்சளில் இருந்தது. ஆனால் டயலில் பெயர் இல்லை. வெள்ளைத் தட்டு, கோடுகள், முட்கள், அவ்வளவுதான். பின்மூடியில் முத்திரை இல்லை, எண் இல்லை. கையில் எடுத்தால் கனத்தது. எங்கள் சங்கத்தில் வாட்சை வாங்குவதில்லை, அதனால் எனக்கு வாட்ச் பார்த்துப் பழக்கமில்லை. பழக்க தோஷத்தில் தராசில் வைத்தேன், சீட்டில் எடையை எழுதினேன், கழிவு என்ற இடத்தில் 'மெஷின்' என்று எழுதினேன். பக்கத்து மேசை கேஷியர் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், மெஷினைக் கழிச்சா வாட்ச் எதுக்குங்க, டப்பாதானே மிஞ்சும்?" என்று கேட்டான். அவனை முறைத்துவிட்டு நிவேதாவைப் பார்த்தேன்.

"யாருதுடி இது?"

"அப்பாவுதுங்க."

"எதுக்கு விக்கறாரு?"

அவள் போனைத் திறந்து உன் லிங்க்கைக் காட்டினாள். உன் சிரிப்புப் பொம்மை அங்கே சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே உன்னைக் கூப்பிட்டுக் காதைத் திருக வேண்டும் போலிருந்தது. அவள் தடுத்தாள். "அத்தை, நான் உங்ககிட்டப் புகார் சொல்ல வரலீங்க. அப்பா ரெண்டு கடைக்குக் கொண்டுபோயிட்டாரு. ஒருத்தர் முத்திரை இல்ல, முலாம்னு சொல்லிப்போட்டாரு. இன்னொருத்தர் உருக்கித்தான் பாக்கணும்னாரு. உருக்கறதுக்கு முந்தி உங்ககிட்டக் காட்டலாம்னு நாந்தான் வாங்கியாந்தேன்." முகத்தில் அழுகை இல்லை. வீடு வாங்கப் போகிறவள் சுவரைத் தட்டிப் பார்ப்பாளே, அப்படி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் நான்தான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

வாட்சை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் உன் பக்கம்தான் நின்றார். "பையன் என்ன காரா கேட்டான்? வாட்சுதானே. நம்ம கல்யாணத்துல உங்கப்பா எனக்குப் போடலியா?" என்றார். போட்டார். லேத்தில் வேலை செய்கிறவர் கையில் வாட்ச் கட்டக் கூடாது என்பது என் அப்பாவுக்குத் தெரியவில்லை, இவரும் சொல்லவில்லை. ஊரார் பார்க்கட்டும் என்று பட்டறைக்குக் கட்டிக்கொண்டு போய், வெட்டும்போது ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீர் உள்ளே இறங்கி, அது ஓடாமல் நின்றது. அதற்குப் பிறகும் விசேஷங்களுக்கு அதையே கட்டிக்கொண்டு போவார். யாராவது மணி கேட்டால் வானத்தைப் பார்த்துச் சொல்வார். அந்த வாட்சுக்காக என் அப்பா எங்கே கைமாற்று வாங்கினார் என்று இன்றுவரை இவர் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் நான் சொன்னேன். "சரி, அதைக் கொண்டா, தொறந்து பாத்துரலாம்" என்று வீட்டுப் பின்னால், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் இருக்கும் பக்கம் நடந்தார். குறடும் வைஸும் வைத்துத் தங்க மூடியைத் திறக்கப் பார்த்த மனிதரிடமிருந்து அந்த வாட்சைப் பிடுங்கி என் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன் என்பதைப் பத்திரிகையில் எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

மறுநாள் இருவரும் ஸ்கூட்டரில் டவுனுக்குப் போனோம். ஒப்பணக்கார வீதியின் பின்பக்கச் சந்தில் ஜாகிர் என்பவர் பழைய வாட்ச் வாங்கி விற்கிறார். உன் வயதுதான் இருக்கும். இரண்டு கையிலும் வாட்ச், கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி, வாயில் ஓயாத பேச்சு. நான் மேசையில் வைத்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முலாம்க்கா. பேரு இல்ல, முத்திரை இல்ல. நான் பொறந்ததிலிருந்து வாட்சுதான் பாக்கறேன்" என்று தள்ளிவிட்டார்.

"முலாமா இருந்தா இந்தக் காதுகிட்டத் தேஞ்சு பித்தளை எட்டிப் பார்க்கணுமில்லீங்க தம்பி? எங்க, காட்டுங்க" என்றேன். பட்டை மாட்டும் முனைகளைத்தான் காது என்கிறேன். முலாம் முதலில் போவது அங்கேதான். வளையலில் உள்பக்கம், மோதிரத்தில் அடிப்பக்கம், அது மாதிரி.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டினார். திருப்பினார். மறுபடி திருப்பினார். "முலாம் இல்லதான்" என்று முனகிவிட்டு, உடனே குரலை உயர்த்தி, "அப்ப பதினெட்டு காரட்டு. ஸ்விஸ்காரன் பதினெட்டுலதான் அடிப்பான். நான் சொல்லல?" என்றார். இப்போதுதானே வேறு சொன்னீர்கள் என்று உன் அப்பா கேட்டதற்கு, "அது வெளிப்பார்வைண்ணா" என்றார். உன் அப்பாவுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

மெல்லிய கத்தி ஒன்றால் பின்மூடியை நெம்பித் திறந்தார். மூடியின் உள்பக்கத்திலும் முத்திரை இல்லை. அதைவிட முக்கியம், அந்த உள்பக்கம் மொழுமொழுவென்று இல்லை. அரம் போட்ட கோடுகள் தெரிந்தன. மெஷின் உட்கார்ந்த இடத்தில் சுற்றிலும் ஒரு வளையம் செருகி இடைவெளியை அடைத்திருந்தார்கள். சாவித் தண்டு வரும் ஓட்டை வட்டமாகக்கூட இல்லை, கையால் அராவியது. ஜாகிர் மெஷினைக் கழற்றி, ஆடும் சக்கரத்துக்குக் கீழே கொசு அளவுக்கு ஒரு குறியைத் தேடிப் பிடித்து, போனில் யாருக்கோ படம் அனுப்பி, கடைசியில் சொன்னார். "அக்கா, மெஷின் ஸ்விஸ்தான். ஆனா இது ஒரு பொது மெஷின். அந்தக் காலத்துல எத்தனையோ கம்பெனி இதையே வாங்கி, தன் பேரைப் போட்டு, சாதா கேஸுல வித்தாங்க. கஸ்டம்ஸைத் தாண்டி வந்த சல்லிசு சரக்கு. இதுக்குத் தங்கக் கேஸ் வராது. கேஸ் வேற எங்கயோ செஞ்சது." பிறகு டயலைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க பாருங்க. பேரு இருந்திருக்கு. சுரண்டி எடுத்துட்டு மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க. கோடெல்லாம் திரும்பப் போட்டது, ஒண்ணு கோணலா இருக்கு."

"பேரை எதுக்குங்க அழிக்கணும்?" என்றார் உன் அப்பா.

"அதாண்ணா புரியல. எல்லாரும் பெரிய கம்பெனிப் பேரை எழுதித்தான் ஏமாத்துவாங்க. இருக்கற பேரை அழிச்சவனை இப்பத்தான் பாக்கறேன்."

நான் கைப்பையிலிருந்து உரைகல்லை எடுத்தேன். ஜாகிர், "யக்கா, கல்லோடவே சுத்துவீங்களா?" என்று சிரித்தார். மூடியின் உள்விளிம்பை, வெளியே தெரியாத இடத்தில், ஒரு கோடு இழுத்தேன். ஆசிட் விட்டேன். கோடு அசையவில்லை. பக்கத்தில், காரட் வாரியாக நான் வைத்திருக்கும் தங்க ஊசிகளின் கோடுகளைப் போட்டு ஒப்பிட்டேன். பதினெட்டு இல்லை. இருபத்திரண்டு.

"இருக்காதுக்கா. எந்த வாட்ச் கம்பெனியும் இருபத்திரண்டுல கேஸ் அடிக்க மாட்டான். மெத்துனு இருக்கும், ஒரு இடி இடிச்சா நசுங்கிரும்."

"கம்பெனிக்காரன் அடிக்க மாட்டான். ஆசாரி அடிப்பான். அவன்கிட்ட வர்ற தங்கம் அதுதானே" என்றேன். சொல்லும்போதே எனக்கு ஏதோ தட்டியது. பட்டையைக் கழற்றச் சொல்லிக் காதுகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பட்டை மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், அரத்துக்குத் தப்பிய ஒரு ஓரத்தில், பாதிப் பூவும் ஒரு கொடியும் செதுக்கியிருந்தது. அந்தப் பூவேலை எனக்கு அத்துப்படி. நம்ம பக்கத்துக் கெட்டி வளையலில் வருவது. உருட்டிய தகட்டில் கேஸைச் செய்த ஆசாரி, காதுகளுக்கு மட்டும் வளையலை அப்படியே நறுக்கி ஒட்டியிருக்கிறார். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு அதைப் பார்த்தோம். ஜாகிர் பூதக்கண்ணாடியை மறுபடி கண்ணில் மாட்டினார்.

விலையையும் சொல்கிறேன், நீ கேட்காவிட்டாலும். சேகரிப்பவர்கள் இதை வாங்க மாட்டார்கள். அவர்களுக்குப் பெயர் வேண்டும், கம்பெனிக் கேஸ் வேண்டும், கை வைக்காத டயல் வேண்டும். மெஷினுக்கு மதிப்பே இல்லை. ஆக, மிஞ்சுவது கேஸின் தங்கம். கேஷியர் கிண்டல் செய்தானே, என் சீட்டு சரியாகத்தான் இருந்தது. அந்தத் தங்கம் முழுவதையும் இன்றைய விலைக்கு விற்றாலும் நீ அனுப்பிய லிங்க்கில் இருக்கும் வாட்சில் பாதியைக்கூட வாங்க முடியாது. மீதிப் பாதிக்கு அன்னூர்க்காரர் வேறு எதையாவது விற்க வேண்டும். ஜாகிர் தங்க விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "விக்கறதுக்கு இல்லை, உருக்க மாட்டேன், ஷோகேஸுல வைப்பேன்க்கா" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தார். நான் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நிவேதாவின் அம்மா பூங்கொடிக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. "சம்பந்தி, அந்த வாட்சு யாரோட வளையல்?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கமிருந்து சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. "கண்டுபுடிச்சுப்போட்டீங்களா! என்றதுதானுங்க! நான் என்ற பொண்ணுகிட்டக்கூடச் சொன்னதில்லைங்களே!"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவருடைய கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வந்து, "நாங்க ஒண்ணும் கேக்கறதில்லீங்க, பையன் கைக்கு ஒரு தங்க வாட்சு இருந்தா லட்சணமா இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தங்க வாட்ச் வாங்குகிற வீடு இல்லை அது. அவருடைய அப்பா ஒரு சல்லிசு வாட்சை வாங்கி, மகளுக்கென்று செய்திருந்த வளையல்களில் ஒரு கையில் போடுவதை எடுத்துத் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துக் கேஸ் செய்யச் சொல்லியிருக்கிறார். டயலில் அந்த மலிவான பெயர் இருந்தால் மாப்பிள்ளை வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பெயரையும் துடைத்தாயிற்று. "கல்யாணப் போட்டோவுல பாருங்க சம்பந்தி, ஒரு கையை முந்தானைக்குள்ளாறயே வெச்சுட்டு நிப்பேன். போட்டோக்காரன், கையை வெளிய எடும்மா, எடும்மான்னு கத்தறான். எங்க எடுக்கறது? ஒரு கையில தங்கம், ஒரு கையில கண்ணாடி!" என்று மறுபடி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

அவர் வீட்டுக்காரருக்கு இது எப்போது தெரிந்தது என்று கேட்டேன். கல்யாணமான பிறகு வாட்சை ரிப்பேருக்குக் கொடுத்தபோது, கடைக்காரர் பிரித்துப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாட்சைக் கழற்றி பீரோவில் வைத்தவர், அதற்குப் பிறகு எந்த வாட்சும் கட்டியதில்லை. "உனக்கு வளையலாவே திருப்பிச் செஞ்சு தர்றேன் பூங்கொடின்னு சொல்லிட்டேதானுங்க இருக்காரு. மஞ்சள் வெல ஏறட்டும்பாரு, மழை வரட்டும்பாரு. மணி பாக்கணும்னா என்னையக் கூப்புடுவாரு. இப்ப என்னடான்னா" என்று சொல்லி ஒரு மூச்சு விட்டார், "என்ற வளையலு ரெண்டாவது மாப்பிள்ளைக்கும் போகுதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. விளையாட்டாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். விளையாட்டுக்கு என்ன பதில் சொல்வது? போனை வைத்துவிட்டு உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய், நின்றுபோன தன் கல்யாண வாட்சை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து என்ன செய்யப் போகிறார் என்று அவருக்கும் தெரியாது.

நீ கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். முதல் சம்பளத்தில் அப்பாவுக்குப் பட்டறைச் சத்தம் கேட்காமல் இருக்கக் காதுக்கவசம் வாங்கிக் கொடுத்தவன் நீ. அதை அவர் பட்டறையில் மாட்டுவதைவிட நான் பேசும்போது மாட்டுவதுதான் அதிகம். விடுமுறைக்கு வந்தால் பாத்திரம் தேய்க்கிறாய், வரதட்சணைக்கு எதிராகப் பேஸ்புக்கில் எழுதுகிறாய், உன் நண்பர்கள் இதயம் போடுகிறார்கள். கெட்டவர்கள் கேட்டு வாங்குவதால் மட்டும் இது நிலைத்திருக்கவில்லை. உன்னைப் போன்ற நல்ல பிள்ளைகள் யோசிக்காமல் வாங்கிக்கொள்வதால்தான் நிலைத்திருக்கிறது. மாமனார் கேட்கிறார், பெரியவர் மனம் கோணக் கூடாது, அன்பாகத் தருகிறார். அன்பு என்றால் பெண்ணின் அப்பாவிடமிருந்து பையனின் கைக்கு மட்டும்தான் ஏன் போகிறது? நிவேதாவுக்கு எந்த வாட்ச் பிடிக்கும் என்று நாம் அவளிடம் லிங்க் கேட்டோமா? நானும் கேட்கவில்லை. இவ்வளவு பேசுகிற எனக்கே தோன்றவில்லை.

புதன்கிழமை நிவேதாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மாவின் முந்தானைக் கதையைக் கேட்டு முதலில் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். "சரி கண்ணு, நானே உங்கப்பாகிட்ட வாட்சு வேண்டாம்னு சொல்லிர்றேன். விஷயம் முடிஞ்சுது" என்றேன்.

"வேண்டாங்க அத்தை."

"ஏன்?"

"நீங்க சொன்னா அது உங்க நல்ல மனசுங்க. நான் உங்களைக் கட்டிக்கப் போறதில்லையே. கேட்டது அவரு. அவரே அப்பாவைக் கூப்புட்டு வேண்டாம்னு சொல்லட்டும். சொன்னா ஞாயித்துக்கிழமை கூறைப்புடவை எடுக்க வாரேன். இல்லீனா நீங்க போயி உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க அத்தை, உங்களுக்கு மாம்பழக் கலரு நல்லாருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அம்மாவைப் போலவே. ஆனால் இந்தச் சிரிப்பை நீ சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. நான் தினமும் நகைகளைப் பார்க்கிறவள். முலாமும் தங்கமும் தேய்த்தால் தெரியும். இந்தப் பெண் வர மாட்டேன் என்றால் வர மாட்டாள். ஒரு கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போட்டோவில் நிற்கிற கல்யாணம் அவளுக்கு வேண்டாம், இரண்டு கையையும் வெளியே வைத்து நிற்கப் போகிறாள், உன்னோடு அல்லது நீ இல்லாமல்.

எப்படிப் பேசுவது என்று நீ தடுமாறுவாய், அதனால் சொல்கிறேன். "உங்க இஷ்டமுங்க மாமா" என்று சொல்லாதே, அவர் வாங்கிவிடுவார். "இப்போதைக்கு வேண்டாங்க" என்று சொல்லாதே, ஆடி கழிந்து வாங்கிவிடுவார். "அம்மா திட்டறாங்க" என்று சொன்னால் நானே பெங்களூருக்கு வந்து உதைப்பேன். லிங்க் அனுப்பியது தப்பு, எனக்கு எந்த வாட்சும் வேண்டாம், நீங்கள் எதையும் விற்கக் கூடாது. இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அவர் மழுப்புவார், சிரிப்பார், "அதெல்லாம் நம்ம மொறைங்க மாப்பிள்ளை" என்பார். நீ மறுபடி சொல். வாட்ச் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. அவர் நேற்று போன் செய்து, "மதிப்புப் போட்டாச்சுங்களா சம்பந்தி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த நல்ல மனிதரிடம் எத்தனை நாள் பொய் சொல்வது? வாட்சுக்கு மதிப்புப் போட்டாயிற்று. உனக்குத்தான் இன்னும் போடவில்லை.

நேற்றே உனக்கு இதைச் சுருக்கமாக எழுதி அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டியது. ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். மறுபடி கேட்டேன், அதையும் பார்த்தாய், ஒன்றும் வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. நாளை அவர் கடையை மதியத்தோடு சாத்திவிடுவார், அப்புறம் நிதானமாகப் பேசுவார். கட்டைவிரலை எடுத்து அந்த எண்ணின் மேல் வை.

எப்போது கூப்பிடப் போகிறாய் கண்ணு? மணியைச் சொல்.